‘போய்க்கொண்டிருந்தார்கள்’: எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு பையனுடன் ஏழு மாதங்கள்

"போ... ய்... போய்... க்... கொ... ண்... டி..."

‘ரு’வுக்கு வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எதில் ஆரம்பித்தோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. மறுபடி ‘போ’விலிருந்து தொடங்கினான், மறுபடி அதே இடத்தில் நின்றான். மூன்றாவது தடவை புத்தகத்தை மூடிவிட்டு "தண்ணி குடிச்சிட்டு வரேன் மாமா" என்று எழுந்து போனவன் அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

அக்கா மகன். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவன் இதை ஒருநாள் தானே வாசிப்பான் என்பதால் பெயர் வேண்டாம். அந்த நாளில் தொடங்கி ஏழு மாதம் அவனோடு உட்கார்ந்தேன், ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்த நோட்டை வைத்துத்தான் எழுதுகிறேன். நான் ஆசிரியர் இல்லை. இது ஒரே ஒரு பிள்ளையின் கதை. ஆனால் ‘எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா படிக்க மாட்டேங்குறான்’ என்று தவிக்கிற வீடுகள் நிறைய இருப்பது எனக்குத் தெரியும், அவர்களில் யாருக்காவது பயன்படலாம்.

முதலில், இது ஏன் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் அவன் கடகடவென்று ‘படிப்பான்’. வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிச் சொல்லி முழுப் பாடமும் மனப்பாடம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்து "இது என்னடா?" என்று கேட்டேன். உதடு மட்டும் அசைய, பத்தியின் முதல் வரியிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்து அந்த இடத்தை எட்டியதும் சொல்லைச் சொன்னான். உங்கள் பிள்ளை உண்மையிலேயே வாசிக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் இந்த ஒரு சோதனை போதும்: பார்க்காத புத்தகம், நடுப்பக்கம், நடுவரி.

முதலில் பார்த்தவை

கண்ணையும் காதையும் பரிசோதித்தோம். இரண்டும் சரி. இதைச் செய்யாமல் ‘கவனம் இல்லை, சோம்பேறித்தனம்’ என்று திட்டத் தொடங்குவது பெரிய அநியாயம், எங்கள் வீட்டிலும் அது கொஞ்ச நாள் நடந்தது.

அப்புறம் ஒரு கதையை நான் சொன்னேன், அவன் திருப்பிச் சொன்னான். யார் பொய் சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள், கடைசியில் யார் கோபப்பட்டது நியாயம் என்பது வரை சொன்னான். அதே அளவுள்ள இன்னொரு கதையை அவனே படித்த பிறகு கேட்டேன், ஒன்றுமே சொல்லத் தெரியவில்லை. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. கஃப், டன்மர் என்ற இரண்டு வாசிப்பு ஆய்வாளர்கள் 1986-இல் சொன்ன ஓர் எளிய கணக்கு இருக்கிறது: எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கிக்கொள்வதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இன்னொன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். இவனிடம் இரண்டாவது தாராளமாக இருந்தது. முதலாவதுதான் தடுமாறியது.

எழுத்து அட்டைகளை வைத்துப் பார்த்தேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம், எல்லாம் தெரியும். உயிர்மெய் 216-இல் பெரும்பாலும் தெரியும், ஆனால் சிலவற்றுக்கு இரண்டு மூன்று நொடி யோசித்தான். ‘தெரியும்’ என்பதும் ‘உடனே தெரியும்’ என்பதும் வேறு வேறு என்று அப்போதுதான் புரிந்தது. உகர, ஊகார வரிசைகளில் மட்டும் 36 எழுத்து இருக்கிறது, அவற்றுக்கு ஒரே மாதிரியான குறியே கிடையாது. கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். இவற்றில் சில வாக்கியத்துக்கு ஒருமுறையாவது கண்ணில் படும், சில மாதக்கணக்கில் படாது. அப்படிப்பட்டவற்றில்தான் அவன் நின்றான். கன்னட எழுத்தைக் கற்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007-இல் இதையே எழுதியிருக்கிறார்: மெய்யோடு உயிரின் குறி ஒட்டி ஒரே எழுத்தாகிற இந்த வகை எழுத்துமுறையில் எல்லா எழுத்தும் கைவசமாவதற்கு ஆரம்பப் பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன. தமிழும் அந்தக் குடும்பம்தான். மூன்றாம் வகுப்பில் சில எழுத்துகள் தடுக்குவது அதிசயமில்லை என்று அக்காவிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

இரண்டு வாரம் அவன் தடுக்கிய இடத்தையெல்லாம் எழுதி வைத்தேன். பாதிக்கு மேல் நீளமான சொற்கள். அடுத்து கொம்பு வருகிற எழுத்துகள். கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது, ஓசையோ பின்னால் வருகிறது. ‘மொட்டு’ என்பதை ‘மெரட்டு’ என்று படித்தான். துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறான், அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தானே இருக்கின்றன! ‘கொடு’ பலமுறை ‘கெடு’ ஆனது.

ஆனால் அந்தப் பட்டியலை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒரு நாள் ‘பகல்’ என்ற சொல்லைப் ‘ப’, ‘க’, ‘ல்’ என்று சரியாகவே சொன்னான். மூன்றையும் சேர்த்தும் சொன்னான். ‘கல்’லில் வருகிற அதே அழுத்தமான ‘க’வைப் போட்டுச் சேர்த்தான். "அப்படின்னா என்ன மாமா?" என்று கேட்டான். பகல் தெரியாத பிள்ளையா அவன்? தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்து ‘கல்’லில் ஒரு மாதிரி, ‘தங்க’த்தில் ஒரு மாதிரி, ‘பக’லில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. ச, ட, த, ப எல்லாமே இப்படித்தான். ‘காற்று’ என்பதை எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பாருங்கள், நாம் பேசும்போது வருகிற காற்று அங்கே இருக்காது. ஆக, எழுத்துகளைச் சரியாகக் கூட்டினாலும் கிடைப்பது சொல்லின் கரடான உருவம்தான், அதைக் காது வாங்கி ‘ஓ, இதுவா!’ என்று திருத்திக்கொள்ள வேண்டும். பழக்கப்பட்ட நமக்கு அது நடப்பதே தெரிவதில்லை. அவனுக்கு நடக்கவே இல்லை, ஏனென்றால் அவன் காதில் அந்தச் சொல் எழுத்துத் தமிழின் வடிவத்தில் இருந்ததே இல்லை.

வீட்டில் ‘போய்ட்டிருந்தாங்க’ என்கிறோம். புத்தகத்தில் ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்று இருக்கிறது. பன்னிரண்டு எழுத்து. அவற்றைக் கூட்டி முடிப்பதற்குள் முதல் நான்கு நினைவிலிருந்து நழுவிவிடும், முடித்தாலும் அப்படி ஒரு சொல்லை அவன் யார் வாயிலும் கேட்டதில்லை. பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்கிற மொழிகளை 1959-இல் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் இரட்டை வழக்கு மொழிகள் என்று வகைப்படுத்தினார். நமக்கு அது இலக்கணச் செய்தி. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது நாள்தோறும் முட்டிக்கொள்கிற சுவர். ‘வந்துவிட்டான்’ என்று இருந்ததை அவன் சில சமயம் ‘வந்துட்டான்’ என்று படித்தான். பள்ளியில் அதைத் தவறு என்று திருத்தியிருப்பார்கள். நான் நோட்டில் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன், அந்த ஓர் இடத்தில் அவன் எழுத்தைத் தாண்டிப் பொருளைப் பிடித்திருக்கிறான்.

வீணாய்ப்போன முதல் மாதம்

இவ்வளவும் புரிவதற்கு முன்னால் நான் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். தினமும் அரை மணி நேரம் எழுத்து அட்டைப் பயிற்சி. அப்புறம் ஸ்டாப்வாட்ச். "நேத்து 16 சொல், இன்னைக்கு 20 ஆக்குவோமா?" என்றேன். அவன் 22 ஆக்கினான். புள்ளிகளையெல்லாம் விழுங்கி, சொல்லின் தலையைப் பார்த்து வாலை ஊகித்து ஓடினான். ‘மரத்தில்’, ‘மரத்தின்’, ‘மரத்தை’ மூன்றும் ஒன்றாகிவிட்டன. என்ன படித்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. சரளம் என்றால் வேகம் என்று நான் நினைத்திருந்ததுதான் கோளாறு.

இன்னொன்று, ஒவ்வொரு பிழைக்கும் ஒரே நேரத்தில் இரண்டு குரல் வந்தன. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அடுத்த அறையிலிருந்து அக்கா. "ஒழுங்காப் பாருடா, அது ‘னை’யா ‘லை’யா?" மூன்றாம் வாரம் அவன் புத்தகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தான். ஒரு சொல்லைச் சொல்வான், என் புருவம் அசைகிறதா என்று பார்ப்பான். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. மறுநாளே ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்துவிட்டேன், அக்காவிடமும் பேசினேன். "வாசிக்கிற நேரத்துல நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா, நான் பாத்துக்கறேன்." அவருக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

காதிலிருந்து தொடங்கினோம்

இரண்டாம் மாதத்திலிருந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கினோம். முதலில் காது, அப்புறம் கண், கடைசியில்தான் வாய்.

60, 70 சொல் உள்ள ஒரு பத்தி எடுத்துக்கொள்வோம். முதல் நாள் நான் இரண்டு முறை வாசிப்பேன், எழுத்துத் தமிழிலேயே, ஆனால் கதை சொல்கிற குரலில். அவன் விரல் என் குரலோடு வரிமேல் நகரும். பிறகு இருவரும் சேர்ந்து ஒரே குரலாக வாசிப்போம், அவன் திடமாகப் போகிற இடங்களில் நான் குரலைத் தணித்துக்கொள்வேன், தடுமாறினால் மறுபடி சேர்ந்துகொள்வேன். இரண்டாம் நாள் ஒருமுறை சேர்ந்து, இருமுறை அவன் தனியாக. மூன்றாம் நாள் அவன் மட்டும். நான்காம் நாள் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவான் (அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்). ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், அவ்வளவுதான். அவன் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்ட நாட்களிலும் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொண்டேன், மறுநாள் அவனாகவே வந்து உட்கார்ந்தான்.

இதில் நான் புதிதாகக் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிற முறையைப் பற்றி ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979-லேயே எழுதியிருக்கிறார். அதற்கு முன் 1974-இல் அவரும் லாபெர்ஜும் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: மனிதருக்கு ஒரு நேரத்தில் இருக்கிற கவனம் கொஞ்சம்தான், அது முழுவதும் எழுத்தை அடையாளம் காண்பதிலேயே செலவாகிவிட்டால் பொருளுக்கு மிச்சமில்லை. எழுத்து தானாகவே தெரியத் தொடங்கும்போதுதான் கவனம் கதைக்குப் போகும். சேர்ந்து வாசிக்கும் முறையை பிரிட்டனில் ரோஜர் மார்கனும் பின்னர் கீத் டாப்பிங்கும் பெற்றோர்களுக்காகவே வளர்த்தெடுத்தார்கள். 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, ஒருவர் கூட இருந்து வழிகாட்ட, வாய்விட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்துக்கு உதவுகிறது என்றது. பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து ‘மனசுக்குள்ளே படி’ என்று விடுவதற்கு அதே அளவு சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் பார்த்ததும் அதுதான். தனியாக விட்ட நாட்களில் அவன் படங்களைப் பார்த்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினான்.

பிழை வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மனசுக்குள் ஐந்து எண்ணுவது. அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. இது கேட்பதற்குச் சின்ன விஷயம், செய்து பார்த்தால்தான் அந்த ஐந்து நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும். மூன்றாவது நொடியில் அவனே திரும்பிப் போய்த் திருத்திக்கொண்ட இடங்கள் ஏராளம். ஐந்தும் ஆகிவிட்டால் முழுச்சொல்லையும் நானே சாதாரணமாகச் சொல்லிவிடுவேன், அவன் அதைச் சொல்லிவிட்டு மேலே போவான். ‘கூட்டிப் பாரு’, ‘நேத்துதானே சொன்னேன்’ எதுவும் கிடையாது. பொருள் கெடாத சின்னப் பிழைகளை அப்படியே விட்டுவிட்டேன்.

நீளச் சொற்களுக்குப் பென்சில். ‘போய்க் | கொண்டு | இருந்தார்கள்’ என்று ஒரு தாளில் பிரித்து எழுதினேன், பிறகு புத்தகத்தில் அதே சொல்லின் நடுவே லேசாக இரண்டு கோடு. தமிழ்ச் சொற்களின் வால்கள் திரும்பத் திரும்ப வருபவை: இருந்து, கொண்டு, விட்டது, வில்லை, உக்காக, இல்லாமல். இவற்றில் பத்துப் பதினைந்து ஒரே பார்வையில் பிடிபட்டுவிட்டால் பன்னிரண்டு எழுத்துச் சொல்லும் மூன்று துண்டுதான். ‘ந்த’, ‘ங்க’, ‘ண்ட’, ‘ம்ப’, ‘ற்ற’ போன்று ஒட்டியே வருகிற எழுத்துகளையும் இப்படியே ஒரே துண்டாகப் பார்க்கப் பழக்கினேன். மூன்றாம் மாத இறுதியில் ஒரு நாள் அவனே பென்சிலை வாங்கி ‘பேசாமலிருந்தவர்களுக்கு’ என்ற சொல்லில் சரியாக மூன்று கோடு போட்டான். எழுத்து அட்டைகளோடு போராடிய ஒரு மாதத்தில் கிடைக்காதது அந்த மூன்று கோட்டில் இருந்தது.

புத்தகங்களைப் பொறுத்தவரை அவன் வகுப்புக்குக் கீழே இருப்பவையாகத் தேர்ந்தெடுத்தோம். இருபது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அது இப்போதைக்கு நான் வாசித்துக் காட்டுகிற புத்தகம், அவன் வாசிக்கிற புத்தகமில்லை. ‘இது சின்னப் பசங்க புத்தகம்’ என்று அவன் முகம் சுளித்தபோது மட்டும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது, எளிய மொழியில் பெரிய பையனுக்கான விஷயம் (பாம்புகள், விண்வெளி, கப்பல்கள்) உள்ளவற்றைத் தேட வேண்டி வந்தது. பாட்டு வரிகள் அதற்கு நன்றாக உதவின. காதில் ஏற்கெனவே முழுமையாக இருக்கிற சொற்கள், கண் அவற்றோடு ஓடினால் போதும். பாடலின் மொழியிலேயே வரிகளைத் திரையில் ஓடவிட்டால் மக்கள் தம்மை அறியாமலே வாசிப்பார்கள் என்று இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதைத்தான்.

நடுவில் ஒரு சம்பவம். பழைய அலமாரியிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன், பக்கத்துக்குப் பத்து இடத்தில் நின்றான். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவன் ஏன் இப்படி என்று பதறிப் பார்த்தால், அது 1978-இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. ணா, றா, னா, ணை, னை, லை, ளை, அப்புறம் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்று 13 எழுத்துகள் அதில் வேறு உருவத்தில் இருந்தன. நாம் பார்த்துப் பழகியதால் கவனிக்காமலே தாண்டிவிடுகிறோம். அவனிடம் அதைச் சொன்னதும் ரகசிய எழுத்து கிடைத்த மாதிரி 13-ஐயும் எழுதி வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை விடாப்பிடியாகத் தொடர்ந்தான். பிள்ளை நிற்கிற இடத்தில் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குக் குறித்து வைத்தேன்.

பாட்டிக்கு வாசித்தது

இந்த ஏழு மாதத்தில் எது அதிகம் உதவியது என்று கேட்டால் தயங்காமல் என் அம்மாவைச் சொல்வேன். கண் மங்கியதிலிருந்து அம்மாவால் சின்ன எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. நிறைய வாசித்தவர், அந்த இழப்பு அவருக்குப் பெரியது. நான்காம் நாள் வாசிப்பை அவரிடம் வைத்தோம். பரீட்சை கேட்கிற ஆள் அவர் இல்லை. கதை வேண்டும், அவ்வளவுதான். தப்பாகப் படித்தால் திருத்த மாட்டார், "என்னது, யாரு போனான்னு சொன்னே?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்பார். அவன் திரும்பிப் போய்ச் சரியாகப் படிப்பான். நிறுத்தினால் "அப்புறம்?" என்பார்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தபோதெல்லாம் அவன் குரல் தட்டையாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். பாட்டியிடம் அது மாறியது. எங்கே நிறுத்தினால் அவருக்குப் புரிகிறது, எங்கே இழுத்தால் சிரிக்கிறார் என்று அவனுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஐந்தாம் மாதத்தில் ஒரு கதையில் கரடி பேசுகிற வரியைக் கரடிக் குரலில் வாசித்தான். மேற்கோள்குறியைப் பார்த்து, இது பேச்சு, பேசுவது இன்னார் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் குரலை மாற்ற முடியும். கண் வாயைவிட இரண்டு மூன்று சொல் முன்னால் ஓடுகிறது என்று அர்த்தம். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே போகவில்லை.

எண்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பார்க்காத ஒரு பத்தி, ஒரு நிமிடம். கடிகாரம் அவன் கண்ணில் படாது. சரியாக வாசித்த சொற்களை மட்டும் எண்ணினேன். தொடக்கத்தில் 16. மூன்றாம் மாத முடிவில் 27. நான்காம் மாதம் முழுக்க 26, 27 என்றே நின்றது. ஐந்தாம் மாத இறுதியில் 35. ஏழாம் மாத இறுதியில் 49. இவை ஒரு பிள்ளையின், ஒரு வீட்டின், என் கையால் எண்ணிய எண்கள், இதை வேறு பிள்ளையோடு வைத்துப் பார்க்க வேண்டாம். ஆங்கிலத்துக்கு வகுப்பு வாரியாகச் ‘சொல்/நிமிடம்’ அட்டவணைகள் இணையத்தில் கிடைக்கின்றன, அவற்றையும் தமிழுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது நமக்கு ‘வீட்டிலிருந்து’ என்று ஒரே சொல். அதே பிள்ளை, அதே அளவு கடினம், சில வாரம் கழித்து, இந்த ஒப்பீடு மட்டுமே எனக்குப் பயன்பட்டது.

நான்காம் மாதத் தேக்கத்தில் நான் பயந்துபோனேன், உண்மை. பழைய அட்டைப் பயிற்சிக்குத் திரும்பலாமா என்று கூட நினைத்தேன். நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, எண்ணிக்கை நின்றிருந்தாலும் அவனே திருத்திக்கொண்ட இடங்கள் அந்த மாதத்தில்தான் இரட்டிப்பாகியிருந்தன. திரும்பிப் போய்த் திருத்த நேரம் பிடிக்கும், அதனால் நிமிடக் கணக்கு ஏறவில்லை. அந்த நேரத்தில் எண்களை மட்டும் பார்த்திருந்தால் எல்லாவற்றையும் கெடுத்திருப்பேன்.

இந்த முன்னேற்றத்தில் எவ்வளவு எங்கள் கால் மணி நேரத்தால், எவ்வளவு பள்ளியால், எவ்வளவு வயது ஏறியதால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி ஒழுங்காக நான்கைந்து மாதம் செய்தும் எழுத்துக்கும் ஒலிக்குமான தொடர்பே பிடிபடவில்லை என்றால், தெரிந்த எழுத்தே நாளுக்கு ஒரு மாதிரி மாறித் தெரிந்தால், குடும்பத்தில் வாசிக்கச் சிரமப்பட்டவர்கள் இருந்தால், டிஸ்லெக்சியா (வாசிக்கக் கற்பதையே கடினமாக்குகிற கற்றல் குறைபாடு) பரிசோதனைக்கு உரியவர்களிடம் கூட்டிப் போங்கள். ‘வளர வளரச் சரியாகிடும்’ என்று காத்திருக்கிற ஒவ்வொரு வருடமும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் ஒவ்வொரு பாடமும் கைநழுவிப் போகிற வருடம்.

இப்போது எங்கே இருக்கிறோம்? மௌன வாசிப்பு இன்னும் வரவில்லை, உதடு அசையாமல் அவனால் படிக்க முடியாது, அவசரப்படுத்தப் போவதில்லை. எழுதும்போது ல, ள, ழ குழப்பம் அப்படியே இருக்கிறது. கால் மணி நேரத்தை நிறுத்தவில்லை, ஆனால் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் குறைத்து, புதுப் பக்கங்களைக் கூட்டியிருக்கிறோம். பத்தியை நான் முதலில் வாசித்துக் காட்டுவதும் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்துவிட்டது. பாட்டியோடு நடக்கிற வாசிப்பில் நான் இல்லவே இல்லை. இப்போது அவர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டால் இருவரும் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள், அம்மா தூங்கின பிறகும் அவன் இரண்டு பக்கம் படித்துவிடுகிறானாம்.